துணி வாங்கும் முன் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

கடையில் சட்டையைக் கையில் எடுத்ததும் விலைச்சீட்டைத் தேடாதீர்கள், முதலில் உள்பக்கம் திருப்புங்கள். தையல் நெருக்கமாக இருக்கிறதா, பிற்பாடு பிரித்துப் பெரிதாக்க ஓரத்தில் துணி விட்டிருக்கிறார்களா, இரண்டு கையாலும் லேசாக இழுத்தால் ஊசித்துளை வாய் பிளக்கிறதா என்று பாருங்கள். பிளந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

மலிவுத் துணியின் மிச்ச விலையை வேறு யாரோ கட்டுகிறார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கே ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டிவந்தது. 2013-இல் வங்கதேசத்தின் டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே விரிசல் தெரிந்தும் தையல் தொழிலாளர்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள், இதை எப்படி மன்னிப்பது?

சரி, என்ன செய்யலாம்? புதிதாக வாங்குவதைக் குறைப்பதுதான் முதல் வேலை, ஆர்கானிக் சீட்டெல்லாம் அப்புறம். வாங்கியே ஆக வேண்டுமென்றால் கைத்தறி முத்திரையைப் பாருங்கள், அல்லது இயற்கைப் பருத்தியோடு சாயக்கழிவு, தொழிலாளர் நிலை இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும் காட்ஸ் (GOTS) சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பாலியஸ்டர் துவைக்கத் துவைக்க நுண் பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கும், அதனால் தினமும் துவைக்கிற உடைக்கு அது வேண்டாம். அடர்நிறத் துணியை நிழலில் காயப்போடுங்கள், சீக்கிரம் வெளுக்காது. பட்டன் போனாலோ மடிப்பு பிரிந்தாலோ அடுத்த துவைப்புக்கு முன்பே தைத்துவிடுங்கள்.