தனியாக ஐ.டி. தொழில் செய்பவர் பார்ட்னர் தேடும்போது எங்கே சறுக்குகிறார்?

வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஐ.டி. தொழில் தொடங்கியவர்களிடம் ஆறு மாதம் கழித்துப் பேசிப் பாருங்கள். "வேலை செய்யறது கஷ்டமில்லைங்க, வேலை பிடிக்கிறதுதான் கஷ்டம்" என்பார்கள். சாஃப்ட்வேர் எழுதத் தெரியும், சர்வர் பார்க்கத் தெரியும். ஆனால் கஸ்டமருக்கு கேபிள் இழுக்க, கணக்கு எழுத, விளம்பரம் பார்க்க வேறு ஆள் வேண்டும். அதனால் பார்ட்னர் தேடுகிறார்கள். தேடுவது சரிதான். தேடும் இடமும், கிடைத்தவரோடு பேசிக்கொள்ளும் விதமும்தான் தப்பாகிவிடுகிறது.

தன்னைப் போலவே ஒருவரைப் பிடிப்பது

முதலில் நினைவுக்கு வருகிறவர் பழைய ஆபீஸ் நண்பர். பழகிய மனிதர், நம்பிக்கையானவர், ஒரே டீமில் இருந்தவர். ஆனால் இருவருக்கும் தெரிந்தது ஒரே வேலை. இருவருக்கும் கஸ்டமரிடம் பேசக் கூச்சம், இருவருக்கும் பாக்கிப் பணத்தை அழுத்திக் கேட்கத் தெரியாது. இதில் யார் யாருக்குத் துணை? வேலை நிறைய வந்து குவியும்போது இப்படி ஒருவர் உதவுவார். வேலையே வராதபோது, வராத வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

உங்கள் வேலைக்கு முன்னாலும் பின்னாலும் அந்தக் கஸ்டமரிடம் போய் நிற்பவர் யார் என்று பார்ப்பதுதான் சரியான வழி. திருப்பூரில் ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் இருக்கும். அதை விற்றவர் சிசிடிவி கேமராவும் மாட்டியிருப்பார். உள்ளே டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் ஓடும். அதற்கு ஒரு ஆள். வரிக்கு ஆடிட்டர். அப்புறம், ஐ.டி. ஆட்கள் கண்ணிலேயே படாத இன்னொருவர்: பி.எஃப்., இ.எஸ்.ஐ. பார்க்கும் கன்சல்டன்ட்.

இந்தக் கடைசி மனிதரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் முந்தைய மாதத்துக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம் கட்டியாக வேண்டும். அதனால் 10ஆம் தேதி தாண்டினாலே அவர் ஆபீஸ் சூடாகிவிடும். ஒரு கம்பெனி எக்செல் அனுப்பும், இன்னொன்று வருகைப் பதிவேட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும். அவருடைய ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக அடிப்பார்கள். பி.எஃப். தளத்தில் ஏற்ற வேண்டிய ஈ.சி.ஆர். கோப்பு வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். ஆனால் ஒவ்வொரு விவரத்துக்கும் நடுவில் ஹேஷ், டில்டே, ஹேஷ் (#~#) என்று மூன்று குறிகள் வரிசை மாறாமல் வர வேண்டும். மெஷினில் இருக்கும் வருகையை எடுத்து, சம்பளம் போட்டு, இந்தக் கோப்பாக மாற்றித் தரும் புரோகிராம் உங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. அவருக்கோ அது மாதாமாதம் ஐந்து நாள் தூக்கம். அவரிடம் பல கம்பெனிகள் இருக்கின்றன, முதலாளிகள் அவர் சொன்னால் கேட்கிறார்கள். உங்கள் வேலையை அவர் செய்யப்போவதில்லை, அவர் வேலையை நீங்கள் செய்யப்போவதில்லை. பார்ட்னர் என்றால் இவர்தான்.

அறிமுகக் கூட்டங்களுக்குப் போவது தப்பில்லை. பி.என்.ஐ. மாதிரியான அமைப்புகளில் ஒரு கிளைக்கு ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், வாராவாரம் சந்திப்பு. ஆனால் கார்டு மாற்றிக்கொண்டவர் எல்லாரும் பார்ட்னர் ஆகிவிட மாட்டார்கள். உங்கள் கஸ்டமருக்கு அவரால் என்ன பயன் என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லையென்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஆடிட்டரிடம் கமிஷன் பேசுவது

நல்ல எண்ணத்தில் செய்து கெட்ட பெயர் வாங்கும் தவறு இது. "சார், நீங்க அனுப்புற ஒவ்வொரு கஸ்டமருக்கும் பத்து பர்சன்ட்" என்று ஆடிட்டரிடம் சொன்னால் அவர் முகம் மாறும். 1949ஆம் ஆண்டின் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டத்தின் முதல் அட்டவணை, தன் தொழில் கட்டணத்தில் வெளியாருக்குப் பங்கோ கமிஷனோ கொடுப்பதையும், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் அல்லாத ஒருவரின் தொழில் லாபத்தில் பங்கு வாங்குவதையும், சில விலக்குகள் தவிர, தொழில் ஒழுங்கீனம் என்கிறது. வழக்கறிஞர்களுக்கும் பார் கவுன்சில் விதிகள் இப்படித்தான்: வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிடக் கூடாது. டேலி ஆள், மெஷின் விற்பவர், பி.எஃப். கன்சல்டன்ட் ஆகியோர் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்டாகவோ வக்கீலாகவோ இல்லாதவரை இந்தத் தடை அவர்களுக்கு இல்லை. அவர்களிடம் தாராளமாகப் பேசலாம்.

ஆடிட்டருக்குப் பணத்தைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனை விவரப் படிவம் போடுகிறவர்களுக்குக் கடைசி நாள் 11ஆம் தேதி. உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து அந்த விவரம் 5ஆம் தேதியே அவர் ஆபீசுக்குப் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தால், அடுத்த கஸ்டமரிடம் உங்கள் பெயரை அவராகவே சொல்வார்.

"பத்து பர்சன்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவது

எதில் பத்து? ஒரு லட்ச ரூபாய் வேலை என்றால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து பில் 1,18,000 ரூபாய். பார்ட்னர் மனதில் 11,800, உங்கள் மனதில் 10,000. அந்த 18,000 உங்கள் பணமே இல்லை, அரசாங்கத்துக்குப் போகிறது என்பது அவருக்குத் தோன்றியிருக்காது. கஸ்டமர் டி.டி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். கமிஷன் பில் தொகைக்கா, கைக்கு வந்த தொகைக்கா? பணம் மூன்று தவணையாக வந்தால் கமிஷனும் மூன்று தவணையா? கடைசித் தவணை வராமலே போனால்? இதற்கெல்லாம் பதிலை வாட்ஸ்அப்பில் நாலு வரியாக எழுதி, எதிரில் இருப்பவர் "சரி" என்று போட்டுவிட்டால்கூடப் போதும். பெரிய பத்திரம் தேவையில்லை.

நிஜமான சண்டை இரண்டாம் வருடத்தில்தான் வருகிறது. வருடாந்திரப் பராமரிப்புக்கு, அதாவது ஏ.எம்.சி.க்கு, அவருக்குப் பங்கு உண்டா? அதே முதலாளியின் மைத்துனர் கம்பெனிக்கு நீங்களே போய் வேலை பிடித்தால்? என் அபிப்பிராயம்: அறிமுகப் பணம் முதல் வேலைக்கு மட்டும் இருக்கட்டும். ஏ.எம்.சி.யில் பங்கு வேண்டுமென்றால் கஸ்டமரின் முதல் போனை எடுப்பது மாதிரி அவரும் ஏதாவது வேலை செய்யட்டும். கறாராகத் தெரியலாம். ஆனால் ஒன்றும் செய்யாதவருக்கு வருடாவருடம் பணம் அனுப்பும்போது மனதில் வரும் கசப்பு இதைவிட மோசம்.

பில் விஷயத்தில் இன்னொரு பொறி. மொத்த வேலைக்கும் நீங்களே பில் போட்டு, பார்ட்னரான டிசைனரின் பங்கை அவருக்கு அனுப்பினால் முழுத் தொகையும் உங்கள் விற்றுமுதல். சொந்த வேலை 14 லட்சம், பார்ட்னருக்குப் போனது 8 லட்சம் என்றால் கணக்கில் 22 லட்சம். சேவைத் தொழிலுக்கான 20 லட்ச வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டும். பெரும்பாலான சின்ன வேலைகளுக்கு, ஆளுக்கு ஒரு பில் கஸ்டமருக்கே நேராகப் போவதுதான் நிம்மதி.

ஒரே விசிட்டிங் கார்டில் இரண்டு பெயர்

கஸ்டமர் முன்னால் பெரிதாகத் தெரிய வேண்டுமென்று ஒரு பெயர் வைத்து, லோகோ போட்டு, இருவர் பெயரையும் அடித்துவிடுவார்கள். "ரெஜிஸ்டர் பண்ணலையே, அப்புறம் என்ன பார்ட்னர்ஷிப்?" என்பது அவர்கள் வாதம். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. தொழிலைச் சேர்ந்து நடத்தி லாபத்தைப் பங்கிட்டால், பதிவு இல்லாமலே கூட்டாண்மை உருவாகிவிடலாம். அப்படி ஆகிவிட்டால் தொழிலுக்காக அவர் வாங்கிய கடனுக்கும் கொடுத்த வாக்குக்கும் நீங்களும் முழுப் பொறுப்பு. பங்கு பற்றி ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் நஷ்டமும் சரிபாதி, நீங்கள் ராத்திரி பகலாக உழைத்திருந்தாலும். நிஜத்தில் பார்ட்னரே இல்லாவிட்டாலும், பார்ட்னர் என்று காட்டிக்கொண்டதை நம்பிக் கடன் கொடுத்தவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். இவ்வளவு பாரத்துக்குப் பதிலாகக் கிடைப்பது என்ன? பதிவில்லாத கூட்டாண்மை, பாக்கி வைத்த கஸ்டமர் மேல் ஒப்பந்தப்படி வழக்குப் போடக்கூட முடியாது.

சாவி யார் கையில்

டொமைன் பார்ட்னரின் ஜிமெயிலில், ஹோஸ்டிங் உங்கள் கார்டில், பிளே ஸ்டோர் கணக்கு டிசைனரின் தம்பி பெயரில். எல்லாம் சுமுகமாக இருக்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். பேச்சு முறிந்த வாரத்தில் டொமைன் காலாவதியாகும், புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அவருக்குத்தான் போகும். கணக்குகள் எல்லாம் முதல் நாளிலிருந்தே கஸ்டமரின் பெயரில், கஸ்டமரின் மெயிலில் இருக்கட்டும். உங்களுக்கும் பார்ட்னருக்கும் உள்ளே நுழையும் அனுமதி மட்டும் போதும்.

கோடின் உரிமை இன்னும் நுணுக்கம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய புரோகிராம் முதலாளிக்குச் சொந்தம். வெளியாளாக ஒருவர் எழுதினால், பொதுவாக எழுதியவருக்கே சொந்தம். நீங்கள் காசு கொடுத்தீர்கள் என்பதாலேயே அது உங்களுடையது ஆகாது. எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தர வேண்டும். அப்படி எழுதும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்கிறது. இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இணையத்தில் இறக்கிய மாதிரி ஒப்பந்தம் எதையாவது எடுத்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த இரண்டு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே மாதிரிப் பத்திரங்களில் "பிரிந்த பிறகு இரண்டு வருடம் இதே தொழிலைச் செய்யக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பி உட்கார வேண்டாம். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், சில விலக்குகள் தவிர, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. கஸ்டமரின் தகவலை வெளியே கொடுக்கக் கூடாது என்ற ஷரத்துக்கு அதைவிட வலு அதிகம்.

அவசரமாக எல்.எல்.பி.

ஒரு வேலை நன்றாக முடிந்ததும் உற்சாகத்தில் எல்.எல்.பி., அதாவது பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டாண்மை, தொடங்கிவிடுகிறார்கள். அதில் ஒருவர் செய்த தவறுக்கு இன்னொருவரின் சொந்தச் சொத்து பொறுப்பில்லை, அது பெரிய வசதிதான். ஆனால் வருமானமே இல்லாத வருடத்திலும் மே 30க்குள் ஒரு படிவம், அக்டோபர் 30க்குள் இன்னொரு படிவம். தனிநபராக இருந்தால், குறிப்பிட்ட வரம்புக்குள், வாங்கிய தொகையில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறை ஐ.டி. தொழிலுக்கு உண்டு, எல்.எல்.பி.க்கு அது கிடையாது, லாபத்துக்கு நேராக 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும். பதிவாகி 30 நாளுக்குள் ஒப்பந்தத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தமே இல்லாவிட்டால் இங்கேயும் சட்டம் சொல்லும் சரிபாதிதான்.

அதற்கு முன் ஒரு வருடம் ஆளுக்கு ஒரு பில் போட்டுக்கொண்டே ஓட்டுங்கள். யார் யாருக்கு எந்த வேலை கொண்டுவந்தார், பணம் எப்போது வந்தது, புகார் வந்தபோது போனை யார் எடுத்தார் என்று ஒரு ஷீட்டில் குறித்துவாருங்கள். வருட முடிவில் இருவர் கையும் பட்ட வேலை பாதிக்கு மேல் இருந்தால் ஆடிட்டரிடம் போய் எல்.எல்.பி. பேசலாம். இல்லையென்றால், ஒருவருக்கொருவர் வேலை அனுப்பிக்கொள்ளும் நண்பர்களாகவே தொடரலாம். அதற்குப் பதிவும் வேண்டாம், படிவமும் வேண்டாம்.