வீட்டு ஓனர் அட்வான்ஸைத் தராமல் இழுத்தடித்தால்

வீட்டைக் காலி செய்து சாவியும் கொடுத்தாயிற்று, ஆனால் ஓனர் அட்வான்ஸைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, அல்லது "பெயின்ட், கிளீனிங் எல்லாம் போக இவ்வளவுதான் வரும்" என்று பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டார் என்றால், முதலில் போன் பண்ணுவதை நிறுத்துங்கள். எனக்கு இது புரிய இரண்டு மாதம் ஆனது. ஒவ்வொரு போனிலும் அடுத்த வாரம் என்பார், அடுத்த வாரம் கேட்டால் புதிதாக ஒரு ரிப்பேர் சேர்ந்திருக்கும், கடைசியில் குரல் உயர்ந்து இருவருமே கத்தியதுதான் மிச்சம். அத்தனை போனிலும் பேசியதற்கு என் கையில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை. பிறகு ஒரே ஒரு கடிதம் எழுதினேன். அப்போதுதான் விஷயம் நகர்ந்தது.

அட்வான்ஸ் உங்கள் பணம். அது ஓனரிடம் பாதுகாப்புக்காக இருக்கிறது, அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு தொகையைப் பிடிக்க வேண்டுமானால் எதற்கு, எவ்வளவு என்று காட்ட வேண்டியது பிடிப்பவர். நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை, கோபப்படவும் வேண்டியதில்லை, கணக்குக் கேட்டால் போதும்.

ஆனால் கேட்பதற்கு முன் உங்கள் பக்கக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பாருங்கள். கட்டாத வாடகை, கட்டாத கரண்ட் பில் இருந்தால் அது கழியும், அதில் வாதாட ஒன்றுமில்லை. சண்டை வருவது பெரும்பாலும் தேய்மானத்துக்கும் சேதத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான். மனிதர்கள் குடியிருந்தால் வீடு கொஞ்சம் தேயத்தான் செய்யும். வெயில் பட்டு வெளிறிய சுவர், நடந்து நடந்து மங்கிய தரை, பழசாகிச் சொட்டும் குழாய், கட்டில் கால் பதிந்த தடம், இவையெல்லாம் தேய்மானம். இதற்காகத்தான் மாதாமாதம் வாடகை கொடுத்தீர்கள். உடைந்த கண்ணாடி, சிகரெட் சுட்ட தரைவிரிப்பு, கேட்காமல் துளையிட்ட டைல்ஸ், குழந்தை கிரேயானால் கிறுக்கிய சுவர், இவை சேதம். கொடுக்கத்தான் வேண்டும்.

சேதமே ஆனாலும் புதுப்பொருளின் முழு விலையைக் கேட்பது சரியில்லை. இதைத் தெரியாமல்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். ஒரு பெயின்ட் ஐந்து வருஷம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அடித்து நான்கு வருஷம் ஆன சுவரை நீங்கள் கெடுத்திருந்தால் ஓனருக்கு நஷ்டமானது மிச்சமிருந்த ஒரு வருஷம்தான், அதாவது செலவில் ஐந்தில் ஒரு பங்கு. எப்படியும் அடுத்த வருஷம் அவர் அடித்திருக்க வேண்டிய பெயின்ட் அது. அதே மாதிரி ஒரு சுவரில் கறை என்றால் அந்தச் சுவருக்குத்தான் செலவு, மொத்த வீட்டுக்கும் இல்லை. ஒப்பந்தத்தில் "காலி செய்யும்போது பெயின்ட் செலவு வாடகைதாரருடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை வேறு. அதனால் அந்தத் தாளை எடுத்து ஒரு தடவை முழுசாகப் படியுங்கள், எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கலாம்.

அடுத்தது ஆதாரம். குடிவந்த அன்றும் காலி செய்த அன்றும் வீட்டைப் போட்டோ, வீடியோ எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. எடுக்கவில்லையா, பரவாயில்லை, தேடுங்கள். நீங்கள் குடிவருவதற்கு முன் ஓனர் இணையத்தில் போட்ட வாடகை விளம்பரத்தில் பழைய படங்கள் இன்னும் கிடக்கலாம். பிறந்தநாள் போட்டோவில் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவர்கூட ஆதாரம்தான். "பாத்ரூம் கதவு சரியாக மூடவில்லை" என்று முதல் மாதமே ஓனருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருப்பீர்கள், அந்தச் செய்தி பொன். செல்போனை மாற்றும்முன் அந்த உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோக்களின் மூலக் கோப்பையும் அழிக்காதீர்கள், எடுத்த தேதி அதில்தான் இருக்கும்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் வாங்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் வழி இருக்கிறது. சண்டை முற்றுவதற்கு முன், சாதாரணமாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "குடிவரும்போது கொடுத்த அட்வான்ஸ் இத்தனை ரூபாய், எப்போது தருவீர்கள்?" அவர் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று பதில் போட்டாலே, வாங்கவே இல்லை என்று பிறகு சொல்வது கஷ்டம். அட்வான்ஸ் கொடுத்த நாளை ஒட்டி வங்கியில் பணம் எடுத்த பதிவும் கூடவே துணை நிற்கும்.

இப்போது கடிதம். நீளமாக வேண்டாம், ஒரு பக்கம் போதும், வசை ஒரு வார்த்தைகூட வேண்டாம். நாளைக்கு இதை ஒரு நீதிபதி படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"வணக்கம். நான் இந்த முகவரியில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வாடகைக்கு இருந்தேன். குடிவரும்போது முன்பணமாக இவ்வளவு கொடுத்தேன், வங்கிப் பதிவு இணைத்துள்ளேன். காலி செய்த அன்று சாவிகள் அனைத்தையும் தங்களிடம் ஒப்படைத்தேன். வாடகை பாக்கி இல்லை. தாங்கள் பெயின்டுக்கும் கிளீனிங்குக்கும் பிடிப்பதாகச் சொன்ன தொகைக்கு ரசீது எதுவும் தரவில்லை. பெயின்ட் மங்கியது சாதாரணத் தேய்மானம், வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்ததற்குப் படங்கள் உள்ளன. கதவுக் கீல் என்னால் உடைந்தது, அதன் செலவை ஏற்கிறேன். அது போக மீதித் தொகையை இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்."

கீல் விஷயத்தை நானே ஒப்புக்கொண்டதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான் செய்தேன். நம் பக்கத் தவறை நாமே சொல்லிவிட்டால் மீதிச் சொல்லும் நம்பும்படி ஆகிவிடும். கடிதத்தைப் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் தரும் தபாலில் அனுப்புங்கள், அதையே மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். கிடைக்கவில்லை என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது.

உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்தால் அந்தப் பிரிவைக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள், எடை கூடும். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி போக, திருப்பித் தர வேண்டும். இங்கிலாந்தில் ஓனர் முன்பணத்தை 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் அந்தத் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் வாங்க முடியும், பிடித்தம் பற்றிய தகராறை அந்தத் திட்டமே கட்டணமில்லாமல் தீர்த்தும் வைக்கும். கலிபோர்னியாவில் 21 நாட்களுக்குள் பிடித்தங்களின் பட்டியலும் மீதிப் பணமும் கைக்கு வர வேண்டும். ஜெர்மனியில் மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு, அதைத் தனிக் கணக்கில் வைத்து வட்டியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவிலோ சேதத்துக்கென்று முன்பணம் வாங்கவே அனுமதி இல்லை, கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம். இடத்துக்கு இடம் இவ்வளவு மாறுவதால், வேறு ஊரில் ஒருவருக்கு நடந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கடிதம் போன பிறகு ஓனர் ஒரு தொகையை அனுப்பிவிட்டு "இதோடு கணக்கு முடிந்தது" என்று எழுதுவது உண்டு. அவசரப்பட்டு நன்றி சொல்லிவிடாதீர்கள். "இதைப் பகுதித் தொகையாக மட்டும் பெற்றுக்கொள்கிறேன், மீதி இவ்வளவு பாக்கி" என்று அன்றே எழுதி அனுப்புங்கள். காசோலையாக வந்தால் இன்னும் கவனம், இறுதித் தொகை என்று குறித்த காசோலையை வங்கியில் போட்டாலே ஒப்புக்கொண்டதாக வாதாடும் இடங்கள் உண்டு. பாக்கி எதுவும் இல்லை என்ற தாளில் முழுப் பணமும் வரும்வரை கையெழுத்துப் போடவே வேண்டாம்.

பதிலுக்கு அவர் பெரிய செலவுப் பட்டியல் நீட்டினால் பயப்படாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் ரசீது கேளுங்கள், அந்தப் பொருளுக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். நான் கேட்டபோது பட்டியலில் இருந்த ஆறு வரி இரண்டாகச் சுருங்கியது.

பதிலே வராவிட்டால் அடுத்த படி வக்கீல் நோட்டீஸ், அப்புறம் வாடகைத் தீர்ப்பாயம், சிறு உரிமைகோரல் நீதிமன்றம், சிவில் நீதிமன்றம் என்று உங்கள் ஊரில் எது உண்டோ அது. சிறு தொகைகளுக்கான நீதிமன்றங்கள் பலவற்றில் வக்கீல் இல்லாமலே நீங்களே பேசலாம். இந்தியாவில் இலவச சட்ட உதவி மையத்தையும் சமரசம் பேசி முடித்துவைக்கும் லோக் அதாலத்தையும் அணுகலாம், லோக் அதாலத்தில் சமரசம் ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். காலக்கெடுவை மட்டும் தவற விடாதீர்கள். இப்படிப்பட்ட பணம் கேட்டு வழக்குப் போட இந்தியாவில் பொதுவாக மூன்று வருஷம், இங்கிலாந்தில் ஆறு வருஷம். ஆனால் ஆதாரம் அவ்வளவு நாள் காத்திருக்காது, சாட்சி சொல்ல வேண்டிய பக்கத்து வீட்டுக்காரரும் வீடு மாறிப் போய்விடுவார்.

செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. பணம் வரும்வரை சாவியைத் தரமாட்டேன் என்று வைத்துக்கொண்டால், வீடு இன்னும் உங்கள் வசம் இருக்கிறது என்று அந்த நாட்களுக்கும் வாடகை கேட்பார்கள். கடைசி மாத வாடகையை "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்துவது சகஜம்தான், ஆனால் அவர் சம்மதம் எழுத்தில் இல்லாவிட்டால் வாடகை பாக்கி வைத்தவர் நீங்கள் என்று ஆகிவிடும். கோபத்தில் அவர் பெயரையும் போன் நம்பரையும் பொதுவில் போட்டுத் திட்டவும் வேண்டாம், கேட்பவராக இருந்த நீங்கள் பதில் சொல்பவராக மாறிவிடுவீர்கள்.

எங்கே விட்டுக்கொடுப்பது என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்குச் செலவு, லீவு போட்டு அலைவது, தூக்கம் கெடுவது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சில சமயம் பத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டு இந்த வாரமே மீதியை வாங்குவது நல்லது, அப்படி முடித்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்குக் கடிதம் போய் பதினோராம் நாள் போன் வந்தது. நான் எடுக்கவில்லை, "தயவுசெய்து எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் பதில் போட்டேன். மறுநாள் கீல் செலவும் ஒரு சுவருக்கான பெயின்டும் போக மீதி முழுவதும் கணக்கில் ஏறியிருந்தது.