கடலோரத்தில் வீடு: சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரில் வீடு தேடினாலும் சரி, விலையைக் கேட்பதற்கு முன் உப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். காற்றில் உப்பு, நிலத்தடி நீரில் உப்பு, சில இடங்களில் மண்ணிலேயே உப்பு. மதுரைப் பக்கம் காசை மிச்சம் பிடித்துத் தரும் பல வழிகள் இங்கே சில வருஷங்களிலேயே இரட்டைச் செலவாகத் திரும்பி வரும். உப்பு தொடும் இடத்தில் காசைக் குறைக்கக் கூடாது, தொடாத இடத்தில் தாராளமாகக் குறைக்கலாம். இந்தக் கணக்கைப் பிடிக்காமல், வெளிநாட்டில் பாடுபட்டுச் சேர்த்ததையும் கடலுக்குப் போய்ச் சேர்த்ததையும் ஒரே வீட்டில் கரைத்துவிடுகிற குடும்பங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புதுப் பெயிண்டைப் பார்த்து முடிவு செய்வது

பழைய வீட்டை விற்கிறவர் முதலில் செய்வது பெயிண்ட் அடிப்பதுதான். அது குற்றமில்லை. ஆனால் கூடத்தையும் முன் அறையையும் மட்டும் பார்த்துவிட்டு ‘வீடு நல்லாத்தான் இருக்கு’ என்று திரும்பிவிடக் கூடாது. பெயிண்ட் போகாத இடங்களைப் பாருங்கள்: மாடிப்படிக்கு அடியில், பரணுக்கு உள்ளே, குளியலறையின் மேல்தளம், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், ஜன்னல் சன்ஷேடின் கீழ்ப்பக்கம். கம்பி ஓடும் கோட்டிலேயே நீளமாக ஒரு விரிசல், அதன் ஓரத்தில் செம்பழுப்புக் கறை. இது தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும். மேலே சிமெண்ட் பூசினால் விரிசல் மறையும், துரு நிற்காது.

ஒரு சின்னச் சுத்தியலோ, கனமான சாவிக்கொத்தோ கையில் வைத்துக்கொண்டு மேல்தளத்தையும் தூண்களையும் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான கான்கிரீட் கணீரென்று சத்தம் கொடுக்கும். பூச்சு விட்டுப்போன இடத்தில் சத்தம் பொத்தென்று அமுங்கும். ஒன்றிரண்டு இடம் என்றால் விலையில் பேசிக் குறைக்கலாம். அறை முழுக்க அமுங்கிய சத்தம் என்றால் தளத்தையே பிரித்துப் போட வேண்டி வரும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் வீட்டின் விலை.

சுவரின் அடிப்பக்கம், தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் வெள்ளையாக உப்புப் பூத்துக் காரை உதிர்ந்தால், அது தரையிலிருந்து ஏறும் ஈரம். மேலே புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்த கார்த்திகைக்குள் மறுபடி கொட்டும். பாம்பன், கீழக்கரை மாதிரி ஊர்களில் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சுவர்களுக்குச் சிமெண்ட் பூசுவது பெரிய தவறு. சுண்ணாம்பு வழியே ஈரம் வெளியேறிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், உப்பும் உள்ளேயே தங்கும். உதிர்ந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, நல்ல தண்ணீரில் நீற்றிய சுண்ணாம்பால் காரை பூசி, வெள்ளையடித்தால் போதும். செலவும் குறைவு.

ஒரே பருவத்தில் பார்த்துவிட்டுப் பத்திரம் முடிப்பது

பங்குனியில் வீடு பார்க்கிறவருக்குத் தெரு காய்ந்து சுத்தமாகத் தெரியும். இந்த மாவட்டத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. அப்போது முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருவும், கண்மாய் வழிந்தால் வாய்க்காலாக மாறும் மனையும் உண்டு. ஆடியில் தெற்கிலும் மேற்கிலும் இருந்து அடிக்கும் காற்று வேறு, மார்கழி வாடை வேறு. மண்டபம், பாம்பன் பக்கம் ஒரு புறம் பாக் விரிகுடா, மறுபுறம் மன்னார் வளைகுடா. எந்தக் காற்றுக்கு எந்த ஜன்னலில் உப்புத் தூவானம் படியும் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

முடிந்தவரை வாங்க நினைக்கும் ஊரில், அதே தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ ஒரு வருஷம் வாடகைக்கோ ஒத்திக்கோ (மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருப்பது) இருந்து பாருங்கள். வாடகை வீண் செலவு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒரு தவறான வீட்டிலிருந்து உங்களைக் காப்பாற்றினால் அந்த ஒரு வருஷ வாடகை மிகச் சின்னத் தொகை. அது முடியாவிட்டால் தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயசானவர்களிடம், ‘ஆத்தா, மழைக்கு எதுவரைக்கும் தண்ணி ஏறும்?’ என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சுவரில் கை வைத்தே காட்டிவிடுவார்கள்.

ஒத்தி என்றால் ஒரு எச்சரிக்கை. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி வீட்டுப் பீரோவில் வைத்துக்கொள்வது இங்கே சகஜம். பதிவு செய்யாத ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது. அதே வீட்டை இன்னொருவருக்கு ஒத்தி விட்டாலோ, விற்றாலோ உங்கள் பணத்துக்கு அலைய வேண்டியதுதான். பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

தண்ணீரைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

‘போர் போட்டிருக்கு, எப்பவும் தண்ணி’ என்பார்கள். என்ன தண்ணீர் என்பதுதான் கேள்வி. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து அந்தத் தண்ணீரில் பருப்பு வேக வையுங்கள், சோப்புப் போட்டுப் பாருங்கள். பருப்பு வேகாமல் நுரையும் வராமல் போனால் கடின நீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வீடு தேடுகிற காலம் முழுக்கப் பயன்படும். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம்.

போர் உப்பாக இருந்தால் இன்னும் ஆழமாகப் போடலாம் என்று நினைப்பது கடலோரத்தில் தலைகீழ் யோசனை. மணற்பாங்கான இந்தக் கரையில் மழைநீர் எடை குறைவு என்பதால் உப்பு நீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே உள்ளதை அதிகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதும், ஆழத்துக்குப் போனால் உப்பு வருவதும் இதனால்தான். ஆழப் போரில் போடும் பணத்தில் பாதியை மழைநீர்த் தொட்டியில் போடுங்கள். 600 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 550 லிட்டர் தண்ணீர். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊரில் இது சமையலுக்குப் பல நாள் வரும்.

காகிதம்

கடலைப் பார்த்த மனை மலிவாக வந்தால் ஏன் மலிவு என்று முதலில் பாருங்கள். கிராமப்புறக் கடற்கரையில், கடல் நீர் ஏறும் எல்லையான உச்ச அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை பல இடங்களில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி கிடையாது. மக்கள் நெருக்கமான சில ஊர்களுக்கு 2019-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இதை 50 மீட்டராகக் குறைக்கிறது. உங்கள் புல எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்று கடலோர மண்டல வரைபடத்தில் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். அங்கீகாரமில்லாத மனை, 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பத்திரம் ஆகாதது என்றால், வரன்முறைப்படுத்தாமல் பதிவாகாது. பட்டாவும் புலப்படமும் வில்லங்கமும் அரசு இணையதளங்களிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. இதற்காகத் தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். ஆனால் மூலப்பத்திரத்தை ஒரு வழக்கறிஞர் படித்துக் கருத்துச் சொல்ல ஆகும் கட்டணத்தில் கை வைக்காதீர்கள்.

முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். 20 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1,80,000. இதைக் கணக்கில் சேர்க்காமல் பேசிவிட்டு, கடைசி வாரத்தில் நகையை அடகு வைத்தவர்கள் எத்தனையோ பேர். 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

கட்டும்போதும் மராமத்திலும்

உப்பு உள்ளே போவது பெரும்பாலும் நம் கையால்தான். கரையோர மணலை ஒரு லோடு மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மணலில் சிப்பித் துணுக்கு மின்னினால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் நல்ல தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்து, அதில் ஒரு பிடி மணலைப் போட்டுக் கலக்கி, தெளிந்த பின் மறுபடி பாருங்கள். எண் எகிறினால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். கடலிலிருந்து பவளப்பாறைக் கல்லை எடுத்து அஸ்திவாரத்துக்குப் போடுவது அந்தக் காலத்துப் பழக்கம். பவளத்துக்கு 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தக் கல்லே உப்பைச் சுமந்துதான் வருகிறது.

தண்ணீரும் அப்படியே. கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர விதி. கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, நீராற்றும்போது (இறுகிய கான்கிரீட்டைப் பல நாள் ஈரமாக வைக்கும்போது) மட்டும் உப்புப் போரைத் திருப்பிவிடும் வீடுகள் இருக்கின்றன. நீராற்றும் தண்ணீர்தான் பல நாள் கான்கிரீட்டின் மேலேயே நிற்கிறது. ஈரச் சாக்குப் போட்டால் நல்ல தண்ணீர் குறைவாகத்தான் செலவாகும்.

அப்புறம், கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய கனம். கடலோரச் சூழலுக்கு இந்தியத் தரம் 45 மில்லிமீட்டர் கேட்கிறது. கம்பி கட்டும்போது அடியில் ஒரு ஜல்லித் துண்டைச் செருகிவிட்டு, ‘எல்லாரும் இப்படித்தான்ணே கட்டுறாங்க’ என்பார்கள். கலவையைக் கொட்டி மேலே நாலு பேர் நடந்தால் ஜல்லி நழுவி, கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கம்பியை இந்த உயரத்தில் தாங்கி நிறுத்தும் கவர் பிளாக் கட்டைகளைச் சரியான அளவில் ஒரு மூட்டை வாங்கி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு சில சிமெண்ட் மூட்டை விலைதான். வீட்டின் ஆயுள் அதில் இருக்கிறது.

சிமெண்டில் மிச்சம் பிடிக்கலாம். சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் பெரும்பாலும் சாதாரண ஓபிசி சிமெண்டை விட மலிவு, உப்பையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் ஏழு நாள் நீராற்றி விட்டுவிடக் கூடாது, பத்து நாளாவது வேண்டும்.

கதவு, நிலை, ஜன்னல் சட்டத்துக்குப் புதுத் தேக்கு வாங்க வேண்டியதில்லை. காரைக்குடிப் பக்கம் பழைய வீடு பிரித்த மரம் கிடைக்கிறது, வைரம் பாய்ந்த பனை உள்ளூரிலேயே இருக்கிறது. மரத்தில் மிஞ்சிய காசைக் கீலிலும் தாழ்ப்பாளிலும் போட்டுப் பித்தளையாக வாங்குங்கள். பளபளக்கும் 304 ரக எவர்சில்வர் கைப்பிடிகூடக் கடற்காற்றில் புள்ளி புள்ளியாகக் கறை பிடிக்கும். மொட்டை மாடியில் சூடு தாங்காவிட்டால் ஏசி வாங்கும் முன் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள். ஏசியின் வெளிப்பெட்டி உப்புக் காற்றில் சீக்கிரம் அரிக்கும்.

கடனைப் பற்றி ஒன்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு வருமானத்தில் ஓடும் வீட்டில், மாதத் தவணையை நல்ல மாத வருமானத்தை வைத்துக் கணக்கிட்டால் அந்த இரண்டு மாதமும் வட்டிக்கு வாங்கித் தவணை கட்ட வேண்டி வரும். வருஷ வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து, அதில் தாங்குகிற தவணையை மட்டும் எடுங்கள். வங்கி அதற்கு மேல் தருகிறேன் என்றாலும் வேண்டாம். மீதி வேலையை, மேல்மாடியையும் காம்பவுண்டுச் சுவரையும், அடுத்த தை மாதத்துக்குத் தள்ளிப்போடலாம்.