நல்ல கதிரை மட்டும் பொறுக்காதீர்கள்: விதை காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக விதை சேர்க்க வருபவர்களின் பையைத் திறந்தால் பெரும்பாலும் ஐந்தாறு கதிர்கள்தான் இருக்கும். எல்லாமே பெரிய, வரிசை பிசகாத, ஒரே நிறக் கதிர்கள். பூச்சி அரித்ததை எடுக்கக் கூடாது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நல்ல கதிரை மட்டும் பொறுக்காதீர்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐந்தாறு செடியில் விதை எடுப்பது

நாட்டு ரகம் ஒரே அச்சில் வார்த்ததல்ல. ஒரே வயலில் முந்திப் பூப்பதும் பிந்திப் பூப்பதும், வறட்சி தாங்குவதும், நோய்க்கு மசியாததும் கலந்தே நிற்கும். ஒரு பண்பு நூறு செடிக்கு ஐந்தில்தான் இருக்கிறது என்று வையுங்கள். 10 செடியில் விதை எடுத்தால் அது கைநழுவிப் போக 60 சதவீத வாய்ப்பு. 59 செடியில் எடுத்தால், கிடைக்க 95 சதவீத வாய்ப்பு. எதைத் தொலைத்தோம் என்பது நோய் வரும் வருடம்தான் தெரியும். நெல்லைப் புல்தழைக் குட்டை நோய் தாக்கியபோது 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரியில்தான் எதிர்ப்புச் சக்தி இருந்தது.

மக்காச்சோளத்தில் அடி இன்னும் பலம். அது அயல் மகரந்தப் பயிர்; வேறு செடியின் மகரந்தம் விழுந்துதான் பெரும்பாலும் மணி பிடிக்கும். சில கதிர்களை வைத்தே தலைமுறை தலைமுறையாக விதைத்தால் செடி குட்டையாகும். ஆண் பூ மகரந்தம் கொட்டி ஓய்ந்த பிறகு, மகரந்தத்தை வாங்க வேண்டிய கதிர் நுனிப் பட்டிழை எட்டிப் பார்க்கும். கதிரை உரித்தால் நடுநடுவே மணி பிடிக்காத பொக்கை. உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

மக்காச்சோளத்தில் 100 செடிக்குக் குறையாமல் எடுங்கள். ஓரத்து வரிசைகளில் அடுத்த வயல் மகரந்தம் விழுந்திருக்கும். அவற்றை விட்டு உள்ளே போங்கள். ஒவ்வொரு கதிரிலும் எண்ணி ஒரே அளவு மணி எடுக்க வேண்டும். மொத்தமாக உதிர்த்தால் பெரிய கதிர்களின் வாரிசே அடுத்த வயலை நிறைக்கும். நோயுற்ற செடியை ஒதுக்குங்கள். குட்டையையும் வேற்று நிறத்தையும் ஒதுக்காதீர்கள்.

ஈர விதையை மூடுவது

நிழலில் உலர்த்துங்கள். கடித்தால் டக்கென உடைய வேண்டும். பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது. ஈரம் 1 சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும்.

குளிர்ந்த டப்பாவை உடனே திறப்பது

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த விதை டப்பா அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லையேல் விதைமேல் நீர் கோக்கும்.

மா, பலா, கொக்கோ

காய்ந்தால் விதை செத்துவிடும். மரமாக வளர்த்தே காக்க வேண்டும்.

ஒரே கிடா

செடிக்குச் சொன்னதேதான் ஆட்டுக்கும். 50 பெட்டைக்கு 1 கிடா என்றால், மரபுக் கணக்கில் அந்த மந்தை வெறும் 4 ஆட்டுக்குச் சமம். 5 கிடா விட்டால் 18.

பெயரில்லாத பை

ரகம், இடம், தேதி, எத்தனை செடியில் எடுத்தது: நான்கையும் பென்சிலால் எழுதிப் பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு.