தண்ணீர் தேங்கிய செடிக்குக் கால்சியம்: எங்கே தவறுகிறோம்?

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால், தக்காளிச் செடி தண்ணீரில் நின்றுகொண்டே வாடும். பதறிப்போய் கால்சியம் கிடைக்கட்டும் என்று ஒரு பிடி ஜிப்சத்தை (கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்த உப்பு) அந்தத் தண்ணீரிலேயே தூவுவார்கள். முதல் தவறு இதுதான். வேருக்கு அப்போது வேண்டியது காற்று. தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. முதலில் வடிகால் வெட்டுங்கள். போதாக்குறைக்கு, தண்ணீர் பல நாள் தேங்கினால் ஜிப்சத்திலுள்ள சல்பேட்டையே மண் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு வேருக்கு நஞ்சு.

சரி, கால்சியத்துக்கு இதில் என்ன வேலை? ஆக்சிஜன் குறைந்த சில நிமிடங்களிலேயே வேர்ச் செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது. அதுதான் செல்லுக்கு அபாய மணி. அதற்கப்புறம்தான் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையிலிருந்து கொஞ்சம் ஆற்றல் எடுக்க உதவும் நொதிகள் உருவாகின்றன. மக்காச்சோளத்தில் இந்தக் கால்சிய உயர்வை ஒரு வேதிப்பொருளால் தடுத்துப் பார்த்தார்கள். நொதிக்கான மரபணு வேலை செய்யவில்லை, நாற்றுகளும் பிழைக்கத் திணறின. கூடுதல் கால்சியம் கொடுத்ததும் நிலைமை மாறியது. செல் சவ்வு கசியாமல் காப்பதும் கால்சியம்தான். ஆகவே அது மழைக்கு முன்பே மண்ணில் இருக்க வேண்டும்.

இலையில் தெளித்தால் வேருக்குப் போய்ச் சேரும் என்பது அடுத்த தப்புக்கணக்கு. வேர் உறிஞ்சும் நீரோடு கால்சியம் மேலே ஏறும். இலையிலிருந்து கீழே இறங்குவது மிகக் குறைவு. நிலக்கடலைக்கு 40-45ஆம் நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பதற்கும் இதுவே காரணம். மண்ணுக்குள் இருக்கும் காய் தனக்கான கால்சியத்தை அந்த மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

மாடித்தோட்டக்காரர்கள் முட்டை ஓட்டை நம்புகிறார்கள். கெடுதல் இல்லை, ஆனால் கரைய மாதக்கணக்காகும்.

சோடியம் மிகுந்த களர் நிலத்தில் சுண்ணாம்பு போடுவதும் வீண். காரத்தன்மை ஏற்கெனவே தூக்கலாக இருக்கும் மண்ணில் அது கரையாது. அங்கே ஜிப்சம்தான் சரி. கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும், களித்துகள்கள் ஒன்றுசேர்ந்து இடுக்குகள் திறக்கும், காற்று உள்ளே போகும். ஆனால் வெளியேறிய சோடியத்தை நல்ல தண்ணீர் கட்டி வடித்துவிட வேண்டும். ஜிப்சம் மூட்டையை அவிழ்க்கும்முன் வடிகால் வாய்க்கால் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.