ஏஆர்டி மாத்திரை: ஒளித்து வைப்பதால் நேரும் தவறுகள்

இரவு எட்டரைக்கு மரச்சீனியும் மீன்கறியும். நெஞ்செரிச்சலுக்கு இரண்டு மூடி ஜெலுசில். ஒன்பது மணிக்கு எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை. ஒரு நாளும் தவறவில்லை, ஆனாலும் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, ஏறுகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று ஏஆர்டி மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் நினைப்பார். மருந்தே கேட்கவில்லை என்று சாப்பிடுபவர் நினைப்பார். இரண்டும் இல்லை. பழி அந்த இரண்டு மூடியின் மேல்தான்.

இப்போது அரசு ஏஆர்டி மையங்களில் பெரியவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது டிஎல்டி. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுட்டெகிராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் ஒரே மாத்திரையில். ஜெலுசில், டைஜீன் போன்றவற்றில் உள்ள மெக்னீசியமும் அலுமினியமும் டொலுட்டெகிராவிரைக் குடலிலேயே பிடித்துக் கட்டிக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் ஏறாமல் வெளியே போய்விடும். அதனால் இவற்றைக் குடித்து 6 மணி நேரம் கழிந்த பிறகுதான் டிஎல்டி போட வேண்டும். அல்லது டிஎல்டி போட்டு 2 மணி நேரம் கழித்து இவற்றைக் குடிக்கலாம். ஒன்பது மணி மாத்திரைக்காரர் ஜெலுசில் குடிப்பதென்றால் மாலை மூன்று மணிக்குள், இல்லையென்றால் இரவு பதினொன்றுக்குப் பிறகு. தினமும் எரிச்சல் இருப்பவர் பான்டோபிரசோல் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். அது டொலுட்டெகிராவிரைத் தடுப்பதில்லை.

இரும்புச்சத்து, கால்சியம், துத்தநாக மாத்திரைகளுக்கும் இதே கணக்குதான். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பும் கால்சியமும் தருவார்கள், இரண்டும் அவசியம், நிறுத்தக் கூடாது. இரும்புக்கும் கால்சியத்துக்கும் மட்டும் ஒரு சலுகை உண்டு: வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே என்றால் டிஎல்டியோடு சேர்த்தே போடலாம். வெறும் வயிற்றில் என்றால் 2 மணி, 6 மணி இடைவெளி வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வைத்தியசாலைகள் நிறைந்த ஊர் இது. உடம்பு தேறட்டும் என்று செந்தூரமும் பற்பமும் வாங்கிச் சாப்பிடுவது இங்கே சாதாரணம். அயச்செந்தூரம் என்பது இரும்பு. சங்கு பற்பமும் முத்துச்சிப்பி பற்பமும் கால்சியம். ஆங்கில மருந்து இல்லையே என்று இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள். குடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. வைத்தியரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நீங்கள் ஏஆர்டி சாப்பிடுவது அவருக்குத் தெரியாது.

வேறு மருத்துவரிடம் போகும்போது

எச்ஐவி இருப்பதை யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. உங்கள் சம்மதமில்லாமல் அதை வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டமே சொல்கிறது. ஆனால் உங்களுக்கு மருந்து எழுதுபவருக்கு மாத்திரையின் பெயராவது தெரிய வேண்டும். பாட்டிலின் லேபிளை உரித்து எறிவது மிகப் பரவலான பழக்கம். மயங்கி விழுந்து வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் அது என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. லேபிளை உரித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டாக்டரிடம் அந்த மூன்று பெயர்களைக் காட்டினால் போதும்.

சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுபவர் இதை அவசியம் சொல்ல வேண்டும். டொலுட்டெகிராவிர் மெட்பார்மினை ரத்தத்தில் அதிகமாகத் தேக்கும். அதனால் ஒரு நாளைக்கு மொத்தம் 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் டாக்டர் பார்த்துக்கொள்வார். வலிப்புக்குத் தரும் பெனிடாய்ன், கார்பமசெபின், பீனோபார்பிட்டல் எதிர்த்திசையில் வேலை செய்யும், டொலுட்டெகிராவிரையே குறைத்துவிடும். காசநோய்க்கான ரிபாம்பிசினும் அப்படித்தான். அதனால் காசநோய் சிகிச்சை நடக்கும்போது டிஎல்டி போட்ட 12 மணி நேரம் கழித்து டொலுட்டெகிராவிர் 50 தனியாக ஒன்று கூடுதலாகத் தருவார்கள். காசநோய் மருந்து முடிந்த அன்றே அதையும் நிறுத்திவிடுவது தவறு. ரிபாம்பிசினின் வேகம் அடங்க இன்னும் இரண்டு வாரம் ஆகும், அதுவரை தொடர வேண்டும்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கும் வலை இழுக்கிறவர்களுக்கும் முதுகுவலி விட்டொழியாது. மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபினாக் வாங்கி வாரக்கணக்கில் போடுவார்கள். டெனோஃபோவிர் வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. அதே சிறுநீரகத்தை டைக்ளோபினாக்கும் அழுத்தும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்தால் பாதிப்பு இன்னும் கூடும். வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று: டிஎல்டி தொடங்கிய சில வாரங்களில், சிறுநீரகத்தைச் சோதிக்க ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். டொலுட்டெகிராவிர் அதை வெளியேற விடாமல் சற்றுத் தடுப்பதால் வரும் எண் அது. சிறுநீரகம் கெட்டதாக அர்த்தமில்லை. அந்த எண்ணைப் பார்த்து வெளி டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், நிறுத்தும் முன் ஏஆர்டி மையத்தில் காட்டுங்கள்.

ஈரமும் சூடும்

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். பாட்டிலுக்குள் இருக்கும் சின்னப் பை ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்தது, அதை எறியாதீர்கள். யாரும் பார்க்கக் கூடாது என்று 30 மாத்திரையையும் காகிதத்தில் மடித்து அரிசிப் பானைக்குள்ளோ அடுப்பு மேலேயோ வைத்தால் அவை நமுத்துப்போகும். அலமாரியில் துணிக்கு அடியில், மூடி இறுக்கிய அதே பாட்டிலில் வைத்தால் போதும். படகில் இன்ஜின் பக்கம் வைக்கக் கூடாது. தண்ணீர் புகாத டப்பாவுக்குள் பாட்டிலோடு வையுங்கள்.

நேரம் தவறினால்

மாதம் 30 மாத்திரையில் இரண்டு தவறினாலே, போட்டாக வேண்டிய இலக்கான 95 சதவீதத்துக்குக் கீழே போய்விடுகிறோம். மறந்துவிட்டால் நினைவு வந்த உடனே போடுங்கள். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்ததை அதன் நேரத்தில் போடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அதற்குப் பிறகு என்றால் தேவையில்லை.

குடித்த நாளில் மாத்திரை போட்டால் ஆகாது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். குடி உடம்புக்கு நல்லதில்லை என்பது உண்மை, ஆனால் அன்றைக்கு மாத்திரையை விடுவது அதோடு இன்னொரு கேடு. குடித்திருந்தாலும் போடுங்கள். விரத நாளுக்கும் இதுவே: டிஎல்டியை வெறும் வயிற்றிலும் போடலாம், நோன்பு வைப்பவர்கள் சஹர் நேரத்துக்கோ நோன்பு திறக்கும் நேரத்துக்கோ மாற்றிக்கொள்ளலாம். தூக்கம் கெடுகிறது என்றால் மாத்திரையை நிறுத்தாமல், கவுன்சிலரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றுங்கள். அதிகாலை வெட்டுக்குப் போகிறவர் கிளம்பும் முன் போட்டுவிட்டால் மறக்காது.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் ஒரு மாதத்துக்கு மேல் கடலில் நிற்கும். ஒரு பாட்டிலோடு போனால் கரை வருமுன் தீர்ந்துவிடும். எத்தனை நாள் தங்கல் என்று முன்கூட்டியே மையத்தில் சொல்லுங்கள். வைரல் லோடு கட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பல மாத மருந்தை ஒன்றாகத் தரும் வழி இருக்கிறது. தங்கல் நாளோடு பத்து நாள் கூட்டிக் கேளுங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம். ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய வைரல் லோடு பரிசோதனைக்கு அதைவிட வசதியான நேரம் கிடையாது.

நிறுத்துவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். வைரல் லோடு 'கண்டறிய முடியாத அளவு' என்று வந்ததும் குணமாகிவிட்டது என்று நினைப்பது. ரத்தத்தில் தென்படாத வைரஸ் சில செல்களுக்குள் உறங்கிக் கிடக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் எழுந்து வரும். விட்டுவிட்டுப் போட்டால் குறைந்த அளவு மருந்துக்குப் பழகிய வைரஸ் வளரும். முதலில் தோற்பது லாமிவுடின். மஞ்சள்காமாலை பி கிருமியும் உள்ளவருக்கு இன்னொரு ஆபத்து: டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியையும் அடக்குகின்றன, திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கடுமையாக வீங்கலாம்.

தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் காய்ச்சலோ கழுத்தில் நெறி கட்டுதலோ வந்தால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். தேறி வரும் எதிர்ப்பு சக்தி, உள்ளே மறைந்திருந்த காசநோயோடு சண்டை போடத் தொடங்கியிருக்கலாம். மாத்திரையைத் தொடர்ந்தபடியே மையத்துக்குப் போங்கள். வாயிலோ கண்ணிலோ கொப்புளத்தோடு தடிப்பு, கண் மஞ்சளாதல், மூச்சுத் திணறல் என்றால் அன்றே போக வேண்டும். அபாகாவிர் என்ற வேறொரு எச்ஐவி மருந்தைச் சாப்பிட்டு ஒவ்வாமை வந்து நிறுத்தியவர் அதை வாழ்நாளில் மறுபடி தொடக் கூடாது. இரண்டாம் முறை உயிருக்கே ஆபத்து.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நம் மாவட்ட ஏஆர்டி மையம் இருக்கும் ஆசாரிப்பள்ளத்துக்குப் போகாமல் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பதிந்துகொண்டவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மழைக்கும் பஸ் காசுக்கும் பயந்து ஒரு மாதம் தள்ளிப்போனால் அந்த மாத மாத்திரை போய்விடுகிறது. சிரமமாக இருந்தால் சிகிச்சையை விட வேண்டாம், மையத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இப்போதிருக்கும் மையத்தில் மாறுதல் கேட்டால் உங்கள் விவரங்களைப் புது மையத்துக்கு அனுப்புவார்கள். வெளியூரில் மாத்திரை தீர்ந்துவிட்டால் அருகிலுள்ள ஏஆர்டி மையத்தில் உங்கள் சிகிச்சைக் கையேட்டைக் காட்டிக் கேளுங்கள். மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.