பனிக்கால ஜாடிக்கு வெள்ளி இலைகள்

இங்கிலாந்தில் டிசம்பர் மாதம் பூப் பறிக்கத் தோட்டத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவோம். வெள்ளி இலைச் செடி இரண்டு மூன்று இருந்தால் அந்தக் கவலை இல்லை.

1. தடவிப் பாருங்கள்

இலை உள்ளுக்குள் பச்சைதான். வெள்ளி என்பது அது போர்த்தியிருக்கும் சட்டை. சைடர் கம் என்ற யூகலிப்டஸுக்கு மெழுகுச் சட்டை; கட்டைவிரலால் தேய்த்தால் பச்சை தெரியும். ஊட்டித் தைலமரத்தின் இளங்கன்றிலும் இதே பூச்சுதான், இரண்டும் டாஸ்மேனியாப் பக்கத்துச் சொந்தங்கள். நியூசிலாந்து வழிவந்த பிராக்கிகுளோட்டிஸ் ‘சன்ஷைன்’ என்ற புதர் கம்பளி ரகம். இலையின் அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினால் பஞ்சு வரும். எலியாக்னஸ் என்ற புதர் மேலே பச்சையாக ஏமாற்றும். திருப்பிப் பாருங்கள், பொடிச் செதில்களால் வெள்ளி மின்னும், நடுநடுவே பழுப்புப் புள்ளி.

2. நடவு

ஏப்ரலில் நடுங்கள். நல்ல வெயில் வேண்டும். எலியாக்னஸ் மட்டும் அரைநிழலையும் பொறுத்துக்கொள்ளும். என் முதல் ‘சன்ஷைன்’ செத்தது குளிரால் அல்ல, பள்ளமான மூலையில் வேரடியில் தேங்கிய ஈரத்தால். களிமண் என்றால் மேடு கட்டி நடுங்கள். உரத்தை அள்ளிப் போடாதீர்கள்; கொழுத்த தளிர் பனியில் கருகும்.

3. கவாத்து

சைடர் கம்மை விட்டுவிட்டால் கூரையைத் தாண்டிவிடும், இலையும் அரிவாள் போல் நீண்டுவிடும். நாம் தேடும் நாணய வட்ட இலை இளங்கிளையில்தான் வரும். ஆகவே வேர் பிடித்த இரண்டாம் ஆண்டிலிருந்து, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். கை நடுங்கத்தான் செய்யும், துளிர்த்துவிடும். ‘சன்ஷைன்’ கோடையில் மஞ்சள் பூ விடும். எனக்கு அந்த மஞ்சள் பிடிக்காது, மொட்டிலேயே கிள்ளிவிடுவேன்.

4. புதுச் செடி

ஆகஸ்டில் ‘சன்ஷைன்’ கிளையில் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி 10 செ.மீ. துண்டு எடுத்து, அடி இலைகளை நீக்கி, பாதி மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். பிளாஸ்டிக் பையால் மூடாதீர்கள். கம்பளி இலை ஈரம் கோத்து அழுகிவிடும்.

5. ஜாடியில்

காலையில் வெட்டி, ஓர் இரவு முழுக்கக் காம்புகளை வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். கம்பளி இலை நீரில் படவே கூடாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை இழுத்து மேசையெல்லாம் சொட்டும். சைடர் கம்மைக் காம்பில் பிடியுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு இலையிலும் உங்கள் கைரேகை. எலியாக்னஸை உயரமாக வையுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு இலையின் அடிப்பக்கம் தெரியட்டும்.